இன்னும் ஒரு கரண்டி வலி

இதனால் சகலமானவருக்கும், குறிப்பாக உலகெங்கும் பரந்து வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கு, அறிவிக்கப்படுவது யாதெனில்: முன்னொரு காலத்தில் சோழர் கப்பல்கள் கரை தொட்டிருக்கக்கூடிய கீழைத் தீவொன்றில், கொதித்துக் கிடக்கும் சம்பாரா எரிமலையின் உச்சியில், முனைவர் செம்பியன் அவர்கள் புலிக்கொடி நாட்டவிருக்கிறார். ஏறும்போது அவர் களைப்படைய மாட்டார். மூச்சு வாங்க மாட்டார். முகத்தில் புன்னகை மாறாது. இந்நிகழ்வோடு இனத்தின் முதுகெலும்பு நிரந்தரமாக நிமிரும்.

மதுரை திருநகர் பஸ் நிறுத்தத்தில் இந்த அறிவிப்பு பேனராகத் தொங்கியது. அதற்குப் பிழை திருத்திக் கொடுத்தவள் செம்பியனின் மனைவி மங்கையர்க்கரசி. எழுத்துப் பிழைகளை மட்டும்தான் திருத்தச் சொல்லியிருந்தார்கள். செம்பியன் களைப்படைய மாட்டார் என்பது உண்மை. அந்தக் களைப்பு மொத்தமும் அரசியின் தம்பி சொக்கநாதனுக்குப் போய்ச் சேரும் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மைக்கு பேனரில் இடம் இல்லை. மீசை நிறைய இடத்தை எடுத்துக்கொண்டிருந்தது.

செம்பியன் என்பது அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். பள்ளிச் சான்றிதழில் பெருமாள்சாமி. 'கடாரம் வென்றோர் மலையேற்றப் பேரவை'யின் நிறுவனத் தலைவர். பேரவை இதுவரை ஏறியது திருப்பரங்குன்றம், அதுவும் பாதிவரை.

மிச்சப் பாதியை ஏறுவதற்குத்தான் 'தோள்கொடு' வந்தது. தபால்தலை அளவில் இரண்டு ஒட்டுகள். ஒன்றை உங்கள் பிடரியில் ஒட்டிக்கொண்டால், இன்னொன்றை ஒட்டிக்கொண்டவருக்கு உங்கள் வலி போய்விடும். கடல் குறுக்கே கிடந்தாலும் போகும். மருத்துவத்துக்கென்று கண்டுபிடித்தார்கள், ஒரு வருடத்தில் ஊரே மாறிப்போனது. அரசி வரவேற்பாளராக இருக்கும் பல் மருத்துவமனையில் நாற்காலியில் முதலாளி சிரித்துக்கொண்டிருப்பார், காத்திருக்கும் அறையில் டிரைவர் தாடையைப் பிடித்துக்கொண்டு அலறுவார். ஒரு தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்; பசியை வட்டச் செயலாளர்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். தலைவர் எடை கூடி மேடையிறங்கினார். அலகு குத்துகிறவர் கன்னத்தில் வேலும், அவருடைய வேலைக்காரர் கன்னத்தில் வலியுமாக இருந்தால் முருகன் யார் வேண்டுதலை ஏற்பார் என்று ஒரு வழக்குகூட நடந்துகொண்டிருந்தது.

கூலிக்கு வலி வாங்குகிறவர்கள் சிலர் பாதியில் ஒட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். முதலாளிகள் வெகுண்டார்கள். அதன்பின் வந்த ஒட்டுகளை வாங்குகிறவரால் பிய்க்க முடியாது. பிய்த்தால் தோலோடு வரும். நியாயத்துக்குக் கட்டுப்பட்ட சட்டம் அவருக்கும் ஒரு வழி வைத்தது. தாங்க முடியாவிட்டால் தாய்மொழியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையும் அதுதான்: 'போதும்'.

"அவ்வளவுதான் மாப்ளே," என்றார் செம்பியன், சொக்குவின் பிடரியில் ஒட்டை வைத்து அழுத்திக்கொண்டே. "முடியலைன்னா போதும்னு ஒரு வார்த்தை. அந்த நிமிஷமே எல்லாம் எங்கிட்ட திரும்பி வந்துரும்."

"வெளியாளு யாரையாச்சும் வச்சுக்கலாம்ல," என்றாள் அரசி. "இவன் நெஞ்சில ஸ்டென்ட் வச்சு இன்னும் வருஷம் திரும்பல."

"வெளியாளு நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவான். இது உறவுக்குள்ள இருக்கட்டும். தவிர, ஓடப்போறது என் இதயம். அவனுக்கு வர்றது அந்த உணர்ச்சி மட்டும்தான். ஏன் மாப்ளே, உனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?"

"அதெல்லாம் இல்ல மச்சான். நான் சும்மா படுத்துத்தானே கெடக்கப் போறேன்," என்றான் சொக்கு.

அவன் அப்படித்தான் சொல்வான். அந்தக் குடும்பத்தில் ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்கு இருக்க வேண்டுமா, பந்தக்கால் நடும்போது குழி தோண்ட ஆள் வேண்டுமா, எதற்கும் ஒரே பதில்: "சொக்கு இருக்கான்ல." நாற்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போவதற்கும் அவனைத்தான் துணைக்கு அழைத்துப் போனார்கள், மற்றவர்களுக்கு.

அரசி உடன் போனது படம் பிடிக்க. அவளுக்கு ஒட்டு கிடையாது. "நீ கேமராதானே பிடிக்கப்போறே, உனக்கு எதுக்கு?" என்று கேட்டார் கணவர். கேமரா பிடிப்பவளுக்கும் அதே மலைதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

சம்பாராவின் அடிவாரத்தில் ஹெரு என்ற வழிகாட்டி காத்திருந்தான். மலையைவிடத் தன் செல்பேசியை அதிகம் பார்க்கிறவன். எவ்வளவு தூரம் என்று எப்போது கேட்டாலும் "இன்னும் கொஞ்சம்தான்" என்பான். அடிவாரத்தில் வைத்தே ஒருமுறை சொன்னான். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலமும் செம்பியனுக்குத் தெரிந்த ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே உயரம் என்பதால் பேச்சு சிரமமில்லாமல் நடந்தது.

"உங்க மொழியில மலைக்கு என்ன பேரு?"

"குனுங், சார்."

செம்பியன் கண்ணை மூடித் திறந்தார். "குன்றம். கேட்டியா அரசி? குன்றம்தான் குனுங் ஆயிருக்கு. தம்பி, உங்க பாட்டன் பூட்டன் எல்லாம் எங்க ஊர்க்காரங்க."

"அப்படியா சார்," என்றான் ஹெரு. "போன வாரம் ஒரு சீனர் வந்தார். அவரும் அவர் ஊர்க்காரங்கன்னுதான் சொன்னார்."

முதல் நாள் காடு. வேர்கள் படிக்கட்டாகக் கிடந்தன. படிக்கட்டு இருக்க வேண்டிய இடங்களில் சேறு கிடந்தது. அரசிக்குத் தொடை நடுங்கியது, சட்டை முதுகில் ஒட்டியது, மூச்சு விசிலடித்தது. ரப்பர் செருப்புப் போட்ட சுமைக்காரர்கள் கூடாரம், அடுப்பு, கோழிமுட்டை அட்டை எல்லாவற்றையும் மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு, சிகரெட் புகைத்தபடி அவளைத் தாண்டிப் போனார்கள். அவர்களுக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார் செம்பியன். நின்று திரும்பி, கேமரா பக்கம் பார்த்து, இலக்கியத் தமிழுக்கு மாறினார்.

"அன்று கடல் கடந்த கால்கள், இன்று மலை கடக்கின்றன. வியர்வை என்பது வீரனின் விபூதி." கேமரா அணைந்ததும், "வேர்வை தெரியுதா? ரொம்பத் தெரிய வேணாம், லேசாத் தெரியட்டும்," என்றார்.

மேலே ஏற ஏற அவர் வேகம் கூடியதுதான் அரசிக்கு விசித்திரமாக இருந்தது. சாதாரணமாக வாங்குகிறவர் களைத்துவிட்டால் 'தோள்கொடு' இயந்திரம் தயங்கும். கொடுப்பவருக்குக் கொஞ்சம் களைப்பு மிச்சம் வைக்கும். மருத்துவமனையில் தினமும் பார்க்கிறாள். இவருக்கு மிச்சமே இல்லை. சாயங்காலம் கூடாரம் அடித்த இடத்தில் தண்டால் எடுத்தார்.

மறுநாள் காலை சிக்னல் கிடைத்த ஒரு பாறை மேல் ஏறி நின்று அவள் தம்பியை அழைத்தாள். திரையில் முதலில் மின்விசிறி தெரிந்தது. பிறகு சொக்கு. ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என்னடா இப்படி இருக்கே?"

"காலு ரெண்டும் எங்கிட்டு இருக்குன்னே தெரியலக்கா. நெஞ்சுல எவனோ உக்காந்து வெத்தல இடிக்கிற மாதிரி இருக்கு. மச்சான் மலைதான ஏறுறாரு? வேற யாரையும் தூக்கிக்கிட்டு ஏறலையே?"

"போதும்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடா."

"சொன்னேங்க்கா. நேத்தே சொன்னேன். சொன்னவொடனே கூடிருச்சு."

"வாய்க்குள்ள சொல்லியிருப்பே."

"கத்திச் சொன்னேன். போதும் போதும்னு. ரெட்டிப்பா வந்துச்சு. அய்யோ சாமி போதும்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அதுக்கப்பறம் வந்ததை வாயால சொல்ல முடியாது." சற்று மூச்சு வாங்கினான். "இப்ப காலையிலேருந்து புதுசா வலிகூட வரலக்கா. பயமா வருது. கட்டில்லதான் படுத்திருக்கேன், கீழ பாக்கப் பயமா இருக்கு. அதலபாதாளமா இருக்கு."

அரசி திரும்பிப் பார்த்தாள். எரிமலையின் வாய்விளிம்பு அங்கிருந்து தொடங்கியது. ஒருவர் நடக்கும் அகலத்தில் கரிய பொடிக்கற்களாலான முகடு. ஒரு பக்கம் மேகம். மறு பக்கம் எரிவாய், அடியில் பச்சையாக ஒரு ஏரி, அழுகிய முட்டை நாற்றத்தோடு புகை. மூன்றடி வைத்தால் இரண்டடி சறுக்கும் அந்த முகட்டில், கழுத்தில் புலிக்கொடியைச் சால்வையாகக் கட்டிக்கொண்டு, கைகளை வீசி, செம்பியன் கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருந்தார். ஹெருவே செல்பேசியைப் பையில் போட்டுவிட்டு, "சார், மெதுவா, சார்," என்று பின்னால் போனான்.

இயந்திரத்திடம் அனுப்புவதற்கு வலி தீர்ந்துவிட்டது. இப்போது அது பயத்தை அனுப்பிக்கொண்டிருந்தது.

"என்னங்க, ஒட்டை எடுங்க," என்று கத்தினாள். "சொக்குவுக்கு முடியல."

"போதும்னு சொல்லச் சொல்லு," என்று முகட்டிலிருந்து பதில் வந்தது. குரலில் துளி நடுக்கம் இல்லை.

அவள் 'தோள்கொடு' வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தாள். இசை முடிந்து ஒரு இளைஞன் வந்தான்.

"வணக்கம் மேடம், உங்கள் வலியில் பங்கெடுப்பதில் மகிழ்ச்சி. நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"போதும்னு சொன்னா நிக்கணும்ல? நிக்க மாட்டேங்குது. கூடுது."

"எந்த மொழி மேடம்?"

"போதும்னா என்ன மொழி தம்பி? தமிழ்தான்."

"ஒரு நிமிஷம் மேடம்." விசைப்பலகை தட்டும் சத்தம். "சிஸ்டத்துல சரியாத்தான் வேலை செய்யுது. எங்க தமிழ் மாடல் அகராதி பார்த்துப் படிச்சதில்ல மேடம். நிஜமான மனுஷங்க பேசறதைக் கேட்டுக் கத்துக்கிட்டது. நம்ம ஊர் வீடுகள், கல்யாண மண்டபங்கள், அங்கெல்லாம் மைக் வச்சுப் பதிவு பண்ணோம். குறிப்பா பந்தி. 'போதும்'ங்கற வார்த்தை பந்தியிலதான் நிறையக் கிடைச்சுது."

அரசிக்குச் சுருக்கென்றது. "பந்தியில போதும்னு சொன்னா…"

"இன்னொரு கரண்டி போடுவாங்க மேடம். வந்தவர் மரியாதைக்கு மறுக்கிறார்னு மாடல் புரிஞ்சுக்குது. ரெண்டு தடவை போதும்னா ரெண்டு கரண்டி. கையை இலைக்கு மேல வச்சு மறைச்சா, விரல் இடுக்குல பாயசம்."

"அதைத்தான் என் தம்பிக்கு ஊத்திக்கிட்டு இருக்கீங்களா?"

"இதுவரைக்கும் வாங்குறவங்க யாரும் புகார் தரலையே மேடம்."

"எப்படித் தருவாங்க? எல்லாரும் போதும் போதும்னு சொல்லிட்டுப் படுத்திருப்பாங்க."

அந்தப் பக்கம் மறுபடி விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு, "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் மேடம்," என்றான் அந்த இளைஞன். சிறிய குரலில், "எங்கம்மாவும் ஒருத்தருக்கு வாங்குறாங்க," என்றும் சொன்னான். இணைப்பு அறுந்தது.

அரசி பாறை மேல் நின்றபடி யோசித்தாள். அவள் பார்க்காத பந்தியா? போதும் என்றால் வருவார்கள். அப்படியானால் எப்போது வரமாட்டார்கள்? எதைச் செய்தால் ஒரு பந்தியில் பரிமாறுகிறவன் அந்தத் திசைக்கே வராமல் தொலைந்து போவான்?

விடை தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. இயந்திரம் இந்தக் கணத்தில் நின்றால், இரண்டு நாள் மலை மொத்தமும் அவள் கணவர் மேல் ஒரே நேரத்தில் வந்து விழும். அவர் நிற்கும் இடத்தில் விழுந்தால் பச்சை ஏரி. நிற்காவிட்டால் திருநகரில் தம்பியின் நெஞ்சு. முப்பது வருடமாக எதற்கெடுத்தாலும் 'சொக்கு இருக்கான்ல' என்று சொல்லி வந்தவர்களில் தானும் ஒருத்தி என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்து, வேலைக்கு உதவாத நினைவு என்பதால் அதை ஒதுக்கிவைத்தாள்.

கேமராவைத் தூக்கிப் பிடித்தாள்.

"என்னங்க, அங்கேயே நில்லுங்க. வெளிச்சம் பிரமாதமா இருக்கு. அந்தப் பாறை தெரியுதுல்ல, மேகத்துப் பக்கமா அகலமா? அதுல சம்மணம் போட்டு உக்காருங்க."

"எதுக்கு? உச்சிக்குப் போயிட்டு எடுக்கலாம்."

"சோழ ராஜா சிம்மாசனத்துல உக்காந்த மாதிரி இருக்குங்க. போஸ்டருக்கு இதுதான். ஓடுற ராஜாவை எவன் மதிப்பான்?"

செம்பியன் ஒரு கணம் யோசித்தார். யோசித்தது மீசையைப் பற்றி. போய் உட்கார்ந்தார். ஹெருவிடம் அவள் கண்ணைக் காட்ட, அவன் பின்னால் போய் அவருடைய பையின் பட்டையை இரு கையாலும் பிடித்துக்கொண்டான்.

அரசி மறுபடி தம்பியை அழைத்தாள். "டேய், நான் சொல்றதை அப்படியே சொல்லு. இன்னும் போடுங்கன்னு கேளு."

"விளையாடுறியாக்கா."

"கேளுடா. நம்பிக் கேளு."

"போதும்னதுக்கே இந்த வரத்து வருது. போடுன்னு கேட்டா நான் தெக்கவாசல் சுடுகாட்டுக்கே போயிருவேன்."

"சொக்கு, மண்டபத்துல எத்தனை பந்தி பாத்திருக்கே? நீயா கூப்பிட்டுக் கேட்டு எவனாச்சும் வந்திருக்கானா?"

திரையில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். பயம் அவனுடையது பாதி, மச்சானுடையது மீதி. இரண்டையும் சேர்த்து விழுங்கினான். "செத்துட்டேன்னா போஸ்டர்ல என் போட்டோவையும் ஓரமாப் போடச் சொல்லு," என்றான். பிறகு மெல்லிய குரலில், "இன்னும் கொஞ்சம் போடுங்க," என்றான்.

ஒன்றும் நடக்கவில்லை.

"இப்படிக் கேட்டா அது கூச்சப்படுறேன்னு நெனைக்கும். பசிச்சவன் மாதிரி கேளுடா."

சொக்கு ஆழ மூச்சிழுத்தான். வாழ்நாளில் எந்தப் பந்தியிலும் எதையும் கேட்டு வாங்காதவன், திருநகர் வீட்டுக் கட்டிலில் படுத்தபடி தொண்டை கிழியக் கத்தினான். "யாருங்க அங்க? இந்த எலைக்கு வரவே இல்லீங்க. எவ்வளவு நேரமா கேக்குறது? இன்னும் நல்லாப் போடுங்க."

இயந்திரம் தொலைந்து போனது. உலகத்தின் எந்த மண்டபத்திலும் சாம்பார் வாளிக்காரன் இவ்வளவு வேகமாக மறைந்ததில்லை.

முகட்டில் செம்பியன் "சிம்மாசனம்" என்று ஏதோ வாக்கியம் தொடங்கியிருந்தார். பாதியில் வாய் திறந்தபடி நின்றது. முதலில் கால்கள் போயின, பிறகு இடுப்பு, பிறகு முகம். நேற்றைய காடும் இன்றைய பொடிக்கல்லும் அவர் மேல் ஏறின. கடைசியாகப் பயம் வந்து சேர்ந்தது. இடப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு ஹெருவின் கழுத்தை இரு கையாலும் கட்டிக்கொண்டார்.

"கீழ… கீழ கொண்டு போங்கப்பா," என்றார், சுத்தமான மதுரைத் தமிழில். அதைப் படம் பிடிக்க வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்கு மூச்சில்லை.

திரையில் சொக்கு எழுந்து உட்கார்ந்திருந்தான். "நின்னுருச்சுக்கா. நெசமாவே நின்னுருச்சு. நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்."

உச்சி அங்கிருந்து கண்ணுக்குத் தெரிந்தது. ஹெரு கழுத்தில் தொங்கியவரை இரண்டு சுமைக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு, அரசியைப் பார்த்து, "மேடம் போகணுமா? இன்னும் கொஞ்சம்தான்," என்றான்.

"போதும்," என்றாள் அரசி.

ஹெருவுக்குத் தமிழ் தெரியாது. ஒரே தடவையில் புரிந்துகொண்டு கீழே திரும்பினான்.

கூடாரத் துணியில் கட்டிய தூளியில் செம்பியன் இறங்கினார். ஊர் வந்து சேர்ந்ததும் அரசி நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். நெஞ்சை டாக்டர் பார்த்துவிட்டார், பழுதில்லை. ஆனால் பகலில் கதவு சாத்தியிருந்தது. சொக்கு உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"வலிக்குதாடா?"

"வலியெல்லாம் இல்ல. வெளிய போக வெக்கமா இருக்கு."

"எதுக்கு வெக்கம்?"

"அதுதான் தெரியல. நான் ஒண்ணும் பண்ணலக்கா. ஆனா எவனோ எழுதுன ஆராய்ச்சியில எம் பேரைப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு. மேடையில ஏறிப் பொய்யாப் பேசிட்டு எறங்குன மாதிரி இருக்கு. டீக்கடைக்காரரு மூஞ்சியப் பாக்க முடியல. நாக்கப் புடுங்கிக்கலாமான்னு வருது."

அரசிக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. வலி தீர்ந்து, பயமும் தீர்ந்தபின், வாளியின் அடியில் என்ன கிடந்ததோ அதையும் வழித்துப் போட்டிருக்கிறது. சேவை மையத்தில் இந்த முறை வேறொரு பெண் பேசினாள். களைப்பு, வலி, பயம் மூன்றும் தானாகத் திரும்பிவிடுமாம். மற்றவை உரியவர் தன் வாயால் கேட்டால்தான் வருமாம்.

அன்று சாயங்காலம் பாராட்டு விழா. செம்பியன் கண்ணாடி முன்னால் நின்று மீசைக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்க வெக்கம் சொக்குகிட்ட மாட்டிக்கிச்சாம்," என்றாள் அரசி. "அவனால தாங்க முடியல. எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொன்னா வந்துருமாம். கேட்டு வாங்கிக்கிறீங்களா?"

செம்பியன் தன்னைத் தலை முதல் கால்வரை கண்ணாடியில் சோதித்துப் பார்த்தார். "எனக்கு எதுவும் குறையலையே," என்றார்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். சம்பாராவின் உச்சியில் தாம் நின்ற கணத்தை அவர் விவரித்தார். அங்கே கொடி பறந்தபோது எரிமலை ஒருமுறை உறுமி அடங்கியது என்றார். உச்சிப் பாறையில் மீன் முள் வடிவில் தமிழ் எழுத்துகளைக் கண்டதாகவும், கண்ணீர் மறைத்ததால் படிக்க முடியவில்லை என்றும் சொன்னார். சொக்கு உள்ளே வரவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில், தலையைக் குனிந்துகொண்டு, ஒலிபெருக்கியில் வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உடம்பைக் குறுக்கிக்கொண்டிருந்தான். அரசி முதல் வரிசையில் உட்கார்ந்து, வெட்கம் போய்விட்ட ஒரு மனிதர் எப்படி இருப்பார் என்று கணவரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எந்த வித்தியாசமும் தெரியவில்லை.